உலகளந்த பெட்டி

திருக்கோவிலூரிலிருந்து தம்பி போன் செய்தான். கூடப் பிறந்தவன் இல்லை, சித்தப்பா மகன். எட்டு வருஷம் ஓடிய ஒரு காரை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறான். பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலை, முகூர்த்தம் வந்தால் விழுப்புரம், சென்னைக்காரர்கள் யாராவது ஆசைப்பட்டால் கல்வராயன் மலை. இதுதான் அவன் உலகம்.

“அண்ணே, வண்டில செட்டு மாத்தணும். பெரிய டச் ஸ்கிரீன் வேணும். மேப்பு வேணும். ப்ளூடூத்து, ரிவர்ஸ் கேமரா, நல்ல பேஸ். எல்லாம் சேர்த்து பதினஞ்சாயிரம். அதுக்கு மேல தம்பிடி கிடையாது. எது வாங்கலாம், சொல்லு.”

சரித்திரம் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை நம் வீடுகளில் உண்டு. பல் வலிக்கு மருந்து கூடக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய கதை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவன் கேட்டதற்கும் பதில் பழைய கதையில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இரண்டு வேறு வேறு சரித்திரங்கள் குடியிருக்கின்றன. ஒன்று பாட்டின் கதை. இன்னொன்று பாதையின் கதை. எதற்கு எவ்வளவு காசு கொடுக்கலாம் என்பது இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் பாட்டு.

1930. அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்து ஊரே தலையில் துண்டு போட்டிருந்த நேரம். சிகாகோவில் பால் கால்வின் என்றொருவர் ரேடியோவுக்கான மின்சாதனங்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். வியாபாரம் படுத்துவிட்டது. வீட்டு ரேடியோவில் போட்டி அதிகம். சரி, ஓடுகிற காரில் ரேடியோ வைத்தால் என்ன?

வைப்பது லேசான காரியமாக இல்லை. எஞ்சினில் தெறிக்கும் ஒவ்வொரு தீப்பொறியும் ரேடியோவில் கரகரவென்று கேட்கும். தனி பேட்டரிகளை சீட்டுக்கு அடியில் புதைக்க வேண்டும். ஏரியலைக் கூரைத் துணிக்குள் ஓட்ட வேண்டும். வண்டியில் கண்ட இடத்தில் ஓட்டை போட வேண்டும். அந்த வருடம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு நடந்தது. கால்வினுக்கு அங்கே கடை போடக் காசில்லை. காரை வாசலிலேயே நிறுத்தி ரேடியோவை அலற விட்டார். போகிற வருகிறவர்கள் நின்று கேட்டார்கள். ஆர்டர் கிடைத்தது. ஓடும் மோட்டாரையும் ஒலிக்கும் பெட்டியையும் சேர்த்து அதற்கு ‘மோட்டோரோலா’ என்று பெயர் வைத்தார். பிற்பாடு கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்ததும், அதே கம்பெனி செல்போன் செய்ததும் நமக்குத் தெரியும்.

விலை? பொருத்துவதையும் சேர்த்து 110 டாலரிலிருந்து 130 டாலர் வரை. ஒரு சாதாரண ஃபோர்டு கார் அறுநூறு டாலருக்குள் கிடைத்த காலம் அது. இரண்டு வருடம் கழித்து, 1932-ல், ஜெர்மனியின் பிளாபுங்ட் ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. எடை 15 கிலோ. விலை 465 மார்க், அதாவது ஒரு சின்னக் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. பெட்டி எங்கோ உள்ளே கிடக்கும். அதை இயக்க ஸ்டியரிங் தண்டில் ஒரு சின்னத் திருகு. இன்றைக்குக் கடைக்காரர் “ஸ்டியரிங்லயே கண்ட்ரோல் சார்” என்று ஏதோ நேற்று கண்டுபிடித்த மாதிரி சொல்கிறார் அல்லவா, அதற்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது.

நம் ஊரில் கதை வேறு. இங்கே பெட்டியின் விலையைத் தீர்மானித்தது எஞ்சினீயர் இல்லை, சர்க்கார். 1933-ல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருப்பதே குற்றம். தபாலாபீசுக்குப் போய் வருஷா வருஷம் பணம் கட்டி புதுப்பிக்க வேண்டும். 1980களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. வெளிநாட்டுச் சாமான் என்றால் சுங்க வரி வேறு கழுத்தை நெரிக்கும். எனவே நம் ஜனங்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். அந்த வழிக்குப் பெயர் பர்மா பஜார்.

பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பிழைப்புக்காக, சென்னை கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி 1960களின் கடைசியில் உண்டான கடை வரிசை அது. கப்பலில் வந்ததும், சவூதியிலிருந்து திரும்பியவர் பெட்டியில் வந்ததும், வரி கட்டாமல் வந்ததும் எல்லாம் அங்கே கிடைக்கும். 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி அறிமுகம் செய்த உள்ளங்கையளவு கேசட் நம் கார்களுக்குள் வந்தது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். பேரம் பேசத் தெரிந்தால் பாதி விலை. தெரியாவிட்டால் வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே செங்கல். அது தனிக் கதை.

கேசட் வந்த பிறகு கார் செட்டின் மவுசே மாறியது. ரேடியோ அதுவாகப் பாடும். கேசட் நாம் சொன்னதைப் பாடும். ஊருக்கு ஊர் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் வந்தன. ஒரு தாளில் இளையராஜா பாட்டுகளாக வரிசையாக எழுதிக் கொடுத்து, 60 நிமிடமா 90 நிமிடமா என்று சொல்லிவிட்டு வந்தால், இரண்டு நாளில் கேசட் ரெடி. வாடகைக் கார் டிரைவருக்கு அதுதான் மூலதனம். “அந்த அம்பாசிடர்ல பாட்டு நல்லா இருக்கும்” என்பதற்காகவே கல்யாண வீட்டில் ஒரு வண்டிக்குத் தள்ளுமுள்ளு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஜெர்மன்காரர்களுக்கு ஒரு நன்றி. கார் செட்டுக்கான பொந்து இந்த அளவில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு தர அளவை வகுத்தவர்கள் அவர்கள்தான். அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50. இதற்கு டின் அளவு என்று பெயர். உயரத்தை இரட்டித்தால் டபுள் டின். ஒரு கம்பெனியின் செட்டை இன்னொரு கம்பெனியின் காரில் நாம் கவலையில்லாமல் மாட்டுவது இந்த ஒரு தீர்மானத்தால்தான். கடைக்குப் போகும் முன் தம்பி முதலில் பார்க்க வேண்டியது இதை. ஒன்பது அங்குல ஸ்கிரீன் என்று ஆசைப்பட்டு வாங்கினால், அந்தப் பொந்தில் அது உட்காராது. காருக்கேற்ற தனி ஃபிரேம் வேண்டும், அதற்குத் தனிக் காசு.

பாட்டுக் கதையில் இன்னொரு மேட்டர் பாக்கி. வாட்ஸ்.

டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் ‘50 வாட்ஸ் x 4’ என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடும் காரின் மின்சாரம் சுமார் 14 வோல்ட். கார் ஸ்பீக்கரின் தடை பொதுவாக 4 ஓம். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத செட்டு இந்த 14 வோல்ட்டை என்னதான் பிழிந்தாலும், ஒரு ஸ்பீக்கருக்கு சுத்தமாக இருபது வாட்ஸ் சொச்சம்தான் தேறும். ஐம்பது என்பது கண்ணிமைக்கிற நேரத்துக்கு எட்டிப் பார்க்கிற எண். அதில் பாட்டுக் கேட்க முடியாது. டப்பாவுக்குள்ளேயே சிறிய எழுத்தில் ‘ஆர்எம்எஸ்’ என்று ஒரு எண் இருக்கும். அதுதான் நிஜம். எல்லா செட்டிலும் அது கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் வாட்ஸைப் பார்த்துக் காசு கொடுப்பது வீண். கதவில் இருக்கும் காகித ஸ்பீக்கரை மாற்றினால் காது உடனே வித்தியாசம் சொல்லும்.

ஆச்சா? இனி பாதையின் கதை. இதற்குத் திருக்கோவிலூரை விடப் பொருத்தமான ஊர் கிடையாது.

ஊரின் நடுவே நிற்கிற பெருமாளுக்குப் பெயரே உலகளந்த பெருமாள். மூன்று அடியில் உலகத்தை அளந்தவர். காலைத் தூக்கியபடி நிற்கிறார். அவருக்கு அடுத்தபடியாக நம் பக்கத்தை அளக்க வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். வில்லியம் லாம்ப்டன். 1802 ஏப்ரல் 10-ம் தேதி சென்னை பரங்கிமலை அருகே சங்கிலியைப் போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டை வைத்து ஒரு முக்கோணம், அதன் பக்கத்தை வைத்து இன்னொரு முக்கோணம் என்று கோத்துக்கொண்டே, நம் தென்பெண்ணை கடலில் சேருகிற கடலூர்ப் பக்கம் வந்தார். அங்கிருந்து மேற்கே, தெற்கே. இந்தியாவை முழுக்க அளந்த மாபெரும் வேலையின் பிள்ளையார் சுழி அதுதான்.

கோணம் பார்க்க அவர் வைத்திருந்த தியோடலைட் கருவியின் எடை அரை டன். இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் கப்பலையே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய், பிறகு பெருந்தன்மையாகத் திருப்பி அனுப்பிய கருவி. மலை இல்லாத சமவெளியில் லாம்ப்டன் கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது கருவியை ஏற்றும்போது கயிறு சறுக்கி, மோதி, வட்டத் தகடு நசுங்கிவிட்டது. வேறு யாராயிருந்தாலும் ராஜினாமா கடிதம் எழுதியிருப்பார்கள். மனிதர் கூடாரத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்து தானே தட்டி நிமிர்த்தினார்.

இதைவிட சுவாரசியமான சமாசாரம் ஒன்று உண்டு. லாம்ப்டனின் செலவுக் கணக்கைப் பார்த்து மதராஸ் சர்க்காரின் நிதிக் குழுவில் ஓர் அங்கத்தினர் முகம் சுளித்தார். அவர் கேட்டதன் சாரம் இதுதான்: ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதுமே, அவன் கொண்டுபோய் விடுவானே, லாம்ப்டனின் வரைபடம் எதற்கு?

பட்ஜெட்டுக்கும் வழிகாட்டிக்கும் சண்டை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

காருக்குள் வழிகாட்டி வந்தது 1981-ல். ஜப்பானில் ஹோண்டா ஒரு கருவி செய்தது. செயற்கைக்கோள் எல்லாம் கிடையாது. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணர ஒரு வாயு ஜைரோஸ்கோப், திரையின் மேல் செருகும் கண்ணாடித்தாள் வரைபடம், அவ்வளவுதான். நான்கு வருடம் கழித்து அமெரிக்காவில் ‘ஈடாக்’ என்று ஒரு கருவி வந்தது. சக்கரம் சுற்றுவதையும் திசைகாட்டியையும் வைத்து இடத்தைக் கணக்கிடும். வரைபடம் எதில் இருந்தது தெரியுமா? கேசட்டில்! பாட்டுக் கேட்ட அதே சைஸ் கேசட். பெரிய நகரத்துக்கு ஒரு கேசட் போதாது. இந்தப் பேட்டையைத் தாண்டினால் கேசட்டை மாற்றிப் போட வேண்டும். விலை ஆயிரத்து முந்நூறு டாலருக்கு மேல். பணக்காரர்கள் வாங்கினார்கள்.

வானத்தில் நிஜமான தீர்வு ஏற்கெனவே மிதக்கத் தொடங்கியிருந்தது. அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ். முதல் செயற்கைக்கோள் 1978-ல் போனது. 1983 செப்டம்பர் 1 அன்று பாதை தவறி சோவியத் வான் எல்லைக்குள் நுழைந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். இனி இப்படி யாரும் வழி தவறக்கூடாது, இந்த வசதி பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று ரீகன் அரசு அறிவித்தது. ஆனால் முழு மனசோடு கொடுக்கவில்லை. பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தார்கள். நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும். திருக்கோவிலூர் தேரடியில் நின்றால் பக்கத்துத் தெருவில் நிற்பதாகச் சொல்லும். 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் கார் வழிகாட்டி என்கிற வியாபாரமே சூடுபிடித்தது.

அது எப்படி வேலை செய்கிறது? இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் ‘இப்போது மணி இத்தனை, நான் இங்கே இருக்கிறேன்’ என்று சதா சொல்லிக்கொண்டே இருக்கும். அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து தூரம் தெரியும். மூன்று தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் காரில் இருக்கும் கடிகாரம் மட்டமானது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் முந்நூறு மீட்டர் போச்சு. அந்தப் பிசகையும் கண்டுபிடிக்க நான்காவதாக ஒரு செயற்கைக்கோள் கட்டாயம் வேண்டும்.

எனக்கு இந்த இடத்தில் எப்போதும் திருக்கோவிலூர் ஞாபகம்தான் வரும். ஒரு மழை இரவில் பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கிய இடைகழி அந்த ஊரில்தான். ஒருவர் படுக்கிற இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து, மூன்றாமவர் வந்ததும் மூவரும் நின்றார்கள். அப்போது நான்காவதாக யாரோ நெருக்குவது தெரிந்தது. அந்த நான்காமவர் யார் என்று தெரிந்த பிறகுதான் தாங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குப் புரிந்தது. ஜிபிஎஸ் செய்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும்.

நிற்க. செயற்கைக்கோள் இடத்தைத்தான் சொல்லும். பாதையைச் சொல்லாது. அதற்கு வரைபடம் வேண்டும். நம் நாட்டில் வரைபடம் என்பது நெடுங்காலம் ராணுவ ரகசியம் மாதிரி பாவிக்கப்பட்டது. கடற்கரை, எல்லைப் பகுதிகளின் விவரமான வரைபடங்களை சர்வே ஆஃப் இந்தியா சாமானியருக்குக் கொடுக்காது. 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை கொஞ்சம் தளர்த்தியது. 2021-ல்தான் கதவு அகலமாகத் திறந்தது. இதற்கு நடுவே 1995-லேயே மேப்மைஇந்தியா போன்ற தனியார் நிறுவனம் தெருத் தெருவாக ஆள் விட்டுக் குறித்தெடுத்து வியாபாரம் தொடங்கியிருந்தது. பிறகு 2009 அக்டோபரில் கூகுள் செல்போனிலேயே, இலவசமாக, திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வசதியை அமெரிக்காவில் அறிவித்தது. அன்றைக்கே கார்மின், டாம்டாம் என்ற பெரிய வழிகாட்டிக் கம்பெனிகளின் பங்கு மளமளவென்று சரிந்தது. ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய சரக்கு சட்டைப் பைக்குள் சும்மா கிடைக்க ஆரம்பித்துவிட்டது.

நமக்கென்று ஏன் சொந்தமாக ஒன்று இல்லை என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2006-ல் அரசு ஒப்புதல் கொடுத்து, 2013-ல் முதல் செயற்கைக்கோள் போய், 2016-ல் ‘நாவிக்’ என்று பெயர் சூட்டப்பட்டது. பாவம், அதன் முதல் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரங்கள் மூன்றும் பழுதாகின. 2023-ல் உள்நாட்டில் செய்த கடிகாரத்தோடு புது வரிசை தொடங்கியது. 2025 ஜனவரியில் போன அடுத்தது, சேர வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. எனவே ‘நாவிக் உண்டு’ என்ற ஸ்டிக்கருக்காக மட்டும் தம்பி கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இன்றைய சிப்புகள் அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, சீனா என்று நான்கு வீட்டு விளக்கிலும் படிக்கின்றன.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவனிடம் கேட்டேன். “மேப்பு உன் போன்லயே சும்மா கிடைக்குதே. அதுக்கு எதுக்குடா பெரிய ஸ்கிரீன்?”

கொஞ்ச நேரம் பேசவில்லை.

“எனக்கு வேணாம்ணே. கஸ்டமருக்கு. மேப்பு இல்லாத வண்டின்னா நம்ப மாட்டேங்கறாங்க. நான் பொறந்து வளர்ந்த ஊர்ல எனக்கு வழி தெரியாதுன்னு நினைச்சிக்கறாங்க. பின்னாடி உக்காந்து போனைப் பாத்துக்கிட்டே ‘லெஃப்ட்ல போச் சொல்லுதே, ஏன் சுத்தறீங்க’ன்னு கேக்கறாங்க. சுத்திக் காசு புடுங்கறேன்னு நினைப்பு.”

லாம்ப்டன் காலத்தில் பல்லக்குக்காரன் சொன்னால் போதும் என்றார்கள். இன்றைக்கு அந்தப் பல்லக்குக்காரன் தன் வார்த்தையை நம்ப வைக்கத் தன் காசில் வரைபடம் வாங்குகிறான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அவன் ஏன் சுற்றுகிறான் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 24 அன்று உத்தரப்பிரதேசத்தில் பரேலி பக்கம் ஒரு கார், ராமகங்கா ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறியது. பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் ஏற்கெனவே அடித்துப் போயிருந்தது. தடுப்பு எதுவும் இல்லை. வழிகாட்டியில் பாலம் முழுசாக இருந்தது என்று செய்தி வந்தது. மூன்று பேர் விழுந்து இறந்தார்கள். சரியாக ஒரு வாரத்தில் ஃபெஞ்சல் புயல். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். தென்பெண்ணை இரு கரையும் தாண்டி வந்தது. திருக்கோவிலூருக்கும் அக்கரை அரகண்டநல்லூருக்கும் நடுவே ஒரு தரைப்பாலம் உண்டு. ஆற்றில் தண்ணீர் பெருகினால் மூழ்கிவிடும். ஊர்க்காரனுக்கு மழையின் சத்தத்தைக் கேட்டே அது தெரியும். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். விழுப்புரம் கடையில் காட்டிய பெரிய ஆண்ட்ராய்டு பெட்டி வேண்டாம். ஸ்கிரீன் பெரிசு, வசதி ஐம்பது, விலையும் குறைச்சல்தான். ஆனால் நினைவகம் கம்மி. சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்தி எடுத்தால் திணறும். அடுத்த வருஷம் அதற்குப் புது மென்பொருள் அனுப்ப ஆள் இருக்காது. பதிலுக்கு, ஏழு அங்குலத்துக்கும் குறைவான, சொந்த மேப்பு இல்லாத, போனில் இருப்பதைத் திரையில் காட்டும் டபுள் டின் செட்டு. ஒன்பதாயிரத்துச் சொச்சம். முன் கதவுகளுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி. மிச்சத்தில் ரிவர்ஸ் கேமரா. வண்டி ஒயரை வெட்டி முடிச்சுப் போட விடாதே, கப்ளர் வைத்து மாட்டச் சொல் என்று மூன்று முறை சொன்னேன். கார் தீப்பிடிப்பதற்கு இந்த முடிச்சுகள் ஒரு முக்கியக் காரணம். கல்வராயன் மலை ஏறுமுன் வீட்டு வைஃபையில் அந்தப் பகுதி மேப்பை இறக்கி வைத்துக்கொள் என்றும் சொன்னேன். மலையில் செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். செயற்கைக்கோளுக்கு சிம் கார்டு வேண்டாம், ஆனால் மேப்பு கையில் இருந்தாக வேண்டும்.

“ஸ்கிரீன் சின்னதா இருக்கேண்ணே” என்று இரண்டு நாள் முனகினான். பிறகு மாட்டிவிட்டான்.

போன வாரம் கூப்பிட்டுக் கேட்டேன். “பாட்டு எப்படிடா இருக்கு?”

“சூப்பரா இருக்குண்ணே. ஆனா கேக்க விட மாட்டேங்கறாங்க. சவுண்டைக் கம்மி பண்ணுங்க, மேப்பு பேசறது கேக்கலைங்கறாங்க.”